எஞ்சினுக்கு ‘வாழ்நாள் வாரண்டி’: யாருடைய வாழ்நாள்?

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அந்தத் தடை நீங்க 2025 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பத்து, பதினைந்து வருடம் ஓடிய வேன்களும் ஆட்டோக்களும் வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குக் கைமாறின. தடை நீங்கிய பின்னரும், வரியையும் ரூபாவின் மதிப்பையும் சேர்த்துப் பார்த்தால் புதிய வாகனம் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத தூரத்தில்தான் நிற்கிறது. ஆகவே மலையகத்திலும் சரி, வடக்குக் கிழக்கிலும் சரி, எமது மக்கள் வாங்குவது பெரும்பாலும் பழைய வாகனத்தையே.

பழைய வாகனம் வாங்குபவருக்கு இருக்கும் பெரிய பயம் எஞ்சின். விற்பவருக்கும் அது தெரியும். அதனால்தான் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் வாகனம் பார்க்கப் போனால், “எஞ்சினுக்கு லைஃப் டைம் வாரண்டி, அண்ணே. கண்ண மூடிக்கிட்டு எடுங்க” என்ற பேச்சு காதில் விழுகிறது. சில இடங்களில் அது வாய்ப்பேச்சு மட்டும். சில இடங்களில் ஓர் அட்டையில் அச்சடித்தும் தருகிறார்கள். எஞ்சினைப் பிரித்துத் திருத்தித் தரும் கராஜ்களும் இதே வார்த்தையைச் சொல்வதுண்டு.

நான் மெக்கானிக் அல்ல, சட்டத்தரணியும் அல்ல. ஹட்டனுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன். ஆங்கிலம் படித்தவன் என்பதால் லீசிங் ஒப்பந்தம், காப்புறுதிக் கடிதம், வாரண்டி அட்டை எதுவானாலும் “தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லுப்பா” என்று அக்கம்பக்கத்தார் கொண்டுவருவார்கள். அப்படிப் பல அட்டைகளை வாசித்த பிறகு எனக்குக் கிடைத்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாழ்நாள் வாரண்டிக்கென்று விலையில் ஒரு சதமும் கூட்டிக் கொடுக்காதீர்கள். அதைவிடப் பெறுமதியான ஓர் உத்தரவாதத்தைச் சட்டம் ஏற்கனவே உங்களுக்குத் தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தத்தான் உங்களுக்குக் காலம் குறைவு.

எந்த வாழ்நாள்?

‘வாழ்நாள்’ என்று சொன்னால் யாருடைய வாழ்நாள்? வாங்கியவருடையதா, வாகனத்தினுடையதா, எஞ்சினுடையதா, விற்ற கடையினுடையதா? இது விளையாட்டுக் கேள்வி அல்ல. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 1985இல் வெளியிட்ட விளம்பர வழிகாட்டலில் இதையே ஒரு விதியாக வைத்தது. வாழ்நாள் உத்தரவாதம் என்று விளம்பரம் செய்பவர், எதனுடைய அல்லது யாருடைய வாழ்நாளைச் சொல்கிறார் என்பதையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். அந்த ஒரு சொல்லை வைத்து அத்தனை குழப்பம் நடந்திருந்ததால்தான் இப்படி ஒரு விதியே தேவைப்பட்டது.

இந்த விடயத்தில் நன்கு பதிவான உதாரணம் கிரைஸ்லர். அமெரிக்காவின் பெரிய மூன்று கார் கம்பனிகளில் ஒன்றான அது, 2007 ஜூலையில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் வாழ்நாள் வாரண்டி என்று அறிவித்தது. அட்டையின் உள்ளே பார்த்தால் நிபந்தனைகள் இருந்தன. முதலாவது உரிமையாளருக்கு மட்டுமே அது செல்லும். வாகனத்தை விற்றால் வாழ்நாள் முடிந்துவிடும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, குறித்த நாட்களுக்குள், கம்பனியின் முகவரிடம் கொண்டுபோய்ப் பரிசோதிக்க வேண்டும். தவறினால் வாரண்டி போய்விடும். சில வகை எஞ்சின்களுக்கு ஆரம்பத்திலிருந்தே அது கிடையாது.

அறிவித்து இரண்டு வருடம் ஆகவில்லை. 2009 ஏப்ரல் 30ஆம் திகதி கிரைஸ்லர் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. கார் கம்பனிகள் வீழ்ந்தால் அவற்றின் வாரண்டிகளுக்கு அரசே பொறுப்பு நிற்கும் என்று அமெரிக்க அரசாங்கம் ஒரு மாதத்துக்கு முன்னரே அறிவிக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் அந்தக் கார்களை எவரும் வாங்கியிருக்க மாட்டார்கள். அதே வருடம் ஓகஸ்டில் புதிய வாகனங்களுக்கான வாழ்நாள் வாரண்டி கைவிடப்பட்டு, ஐந்து வருடம் அல்லது ஒரு இலட்சம் மைல் என்று மாற்றப்பட்டது. அமெரிக்க அரசு பின்னால் நின்றதால் அங்கே வாங்கியவர்கள் தப்பினார்கள். 2005 ஏப்ரலில் பிரித்தானியாவின் எம்.ஜி. ரோவர் கம்பனி வீழ்ந்தபோது வாங்கியவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை.

2010இல் பிரித்தானியாவில் வோக்ஸ்ஹோல் கம்பனியும் வாழ்நாள் வாரண்டி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அது ஒரு இலட்சம் மைலுக்கும் முதலாவது உரிமையாளருக்கும் மட்டுமானது. ஆக, உலகப் பெயர்பெற்ற கம்பனி எழுத்தில் கொடுத்த வாழ்நாளுக்கே இவ்வளவு எல்லைகள். பெயர்ப்பலகையை அடுத்த வருடம் மாற்றக்கூடிய ஒரு விற்பனை நிலையம் வாயால் கொடுக்கும் வாழ்நாள் எவ்வளவு நீளம் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

விற்பவருக்கு இது ஏன் கட்டுப்படியாகிறது?

இப்படிக் கொடுத்தால் விற்பவருக்கு நட்டம் வராதா என்று பலர் கேட்பார்கள். வராது.

முதலாவது, வாரண்டி எந்தப் பாகத்துக்கு என்பது. எஞ்சின் வாரண்டி என்றால் பொதுவாக எஞ்சினுக்குள்ளே ஒயிலில் நனைந்து ஓடும் இரும்புப் பாகங்கள்: பிஸ்டன், ரிங், கிராங் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட், ஒயில் பம்ப். ஒழுங்காக ஒயில் மாற்றினால் இவை சீக்கிரம் உடைவதில்லை. உண்மையில் அடிக்கடி பழுதாவது கேஸ்கட், சீல், ஹோஸ், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், பிளக், ரேடியேட்டர், கிளட்ச். இவற்றைத் ‘தேய்மானப் பாகங்கள்’ என்று வெளியே வைத்துவிடுவார்கள். உடையாததற்கு வாரண்டி உண்டு, உடைவதற்கு இல்லை.

இரண்டாவது, ஒரு வாகனத்தைப் பத்து வருடம் ஒரே ஆள் வைத்திருப்பது அரிது. கைமாறியதும் வாரண்டி முடிந்துவிடுகிறது.

மூன்றாவது, சேர்விஸ் நிபந்தனை. குறித்த கிலோமீற்றருக்கு ஒரு தடவை, குறித்த இடத்தில், குறித்த ஒயிலைப் போட்டு, பில்லை வைத்திருக்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் விற்பவருக்கு விடுதலை. தவறாமல் போனாலும் அவருக்கு இலாபமே. வாரண்டி என்ற பெயரில் ஒரு வாடிக்கையாளர் வருடாவருடம் சேர்விஸுக்கு வருகிறார்.

இந்த மூன்று பூட்டுகளையும் திறந்துகொண்டு இழப்பீடு கேட்டு வாசல்வரை வருபவர்கள் மிகச் சிலரே. அவர்களுக்குச் செலவழிக்கும் தொகையை விற்பனை விலையிலேயே சேர்த்துவிடலாம்.

மலை ஏறும் எஞ்சின்

இந்த நிபந்தனைகள் எங்கும் கடினமானவைதான். மலையகத்தில் இன்னும் கடினமானவை. காரணம் எமது பாதையும் உயரமும்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர். நுவரெலியா உயரத்தில் காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்று குறைந்தால் இழுவையும் குறையும். கார்பரேட்டர் உள்ள பழைய வாகனங்களில் காற்று குறைந்தும் பெற்றோல் குறையாமலும் போவதால், பிளக் கரி பிடிக்கும். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிவிடும். அங்கேதான் ரிங் தேயத் தொடங்குகிறது.

அடுத்தது தண்ணீர். நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரின் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் எஞ்சின் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. சில நூறு ரூபா பெறுமதியான அந்த மூடியின் ரப்பர் தளர்ந்தால், ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து வெளியேறும். கவனிக்காமல் ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும், ஹெட் வளையும். எமது பகுதிக் கராஜ்களில் எஞ்சின் பிரித்துக் கிடக்கும் வாகனங்களைப் பற்றிக் கேட்டால் ‘ஹீட் ஆகி வந்தது’ என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது. வாரண்டி அட்டைகளிலோ ‘அதிக வெப்பத்தால் ஏற்படும் சேதம் சேராது’ என்ற வரியும் திரும்பத் திரும்ப வருகிறது.

மூன்றாவது, கிலோமீற்றர் கணக்கு. கினிகத்தேனையிலிருந்து வட்டவளை வழியாக ஹட்டனுக்கு ஏறும் ஒரு வேன், பெரும்பகுதித் தூரத்தை இரண்டாம், மூன்றாம் கியரில்தான் போகிறது. தோட்டத்துப் பாதைகளிலோ முதலாம் கியரை விட்டு எடுக்கவே முடியாத இடங்கள் உண்டு. வெளிநாட்டிலோ சமதரையிலோ நூறு கிலோமீற்றர் ஓடும்போது எஞ்சின் சுற்றும் சுற்றுக்களைவிட, அதே தூரத்துக்கு இங்கே பல ஆயிரம் சுற்றுக்கள் கூட. மீற்றரில் ஐயாயிரம் கிலோமீற்றர் காட்டும்போது எஞ்சின் அதைவிட அதிகமாக உழைத்திருக்கும். வாகனக் கையேடுகளில் ‘கடினமான பாவனை’ என்று தனியாக ஓர் அட்டவணை இருக்கும். மலைப்பாதை, குறுகிய தூரப் பயணங்கள், புழுதி, அதிக பாரம் ஆகியவை அதில் அடங்கும். அப்படிப்பட்ட பாவனைக்கு ஒயில் மாற்றும் காலத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். மலையகத்து வாகனங்கள் அனைத்தும் அந்த அட்டவணைக்குள்தான் வரும். ஆனால் சாதாரண அட்டவணைப்படி சேர்விஸ் செய்துவிட்டு வாரண்டி கேட்டால், ‘நீங்கள் கடினப் பாவனை அட்டவணையைப் பின்பற்றவில்லை’ என்று திருப்பி அனுப்ப இடமிருக்கிறது.

கடைசியாகத் தூரம். வாரண்டி சொல்லும் சேர்விஸ் நிலையம் கண்டியிலோ கொழும்பிலோ இருந்தால், பொகவந்தலாவையிலோ அக்கரப்பத்தனையிலோ இருப்பவருக்கு ஒரு நாள் வருமானமும் அந்த நாளுக்கான டீசலும் போகும். பக்கத்து ஊர் மெக்கானிக் அதே வேலையைப் பாதி விலையில் செய்து தருவார். மக்கள் எதைத் தெரிவுசெய்வார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த நாளிலேயே வாரண்டியும் முடிந்துவிடுகிறது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். தாய் கொழுந்து பறித்தவர். ஐம்பது வயதில் ஓய்வு பெற்று ஊழியர் சேமலாப நிதியை எடுத்தார். மகனுக்குப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வேலை இருந்தது. அந்தப் பணத்தை முற்பணமாகக் கட்டி, மீதிக்கு லீசிங் போட்டு ஒரு பழைய வேன் எடுத்தார்கள். விற்ற இடத்தில் எஞ்சினுக்கு வாழ்நாள் வாரண்டி என்றார்கள். அதற்காகவே வேறு இடத்தில் பார்த்த வேனைவிட இதற்கு விலை கூடக் கொடுத்தார்கள்.

எட்டாவது மாதம் ஏற்றத்தில் வேன் சூடேறி நின்றது. ஹெட் கேஸ்கட் போயிருந்தது. அட்டையை எடுத்துக்கொண்டு போனபோது மூன்று பதில்கள் வந்தன. கேஸ்கட் வாரண்டியில் இல்லை. சேர்விஸ் எங்கள் இடத்தில் செய்யவில்லை. பாடசாலை வேனாக ஓட்டியது வியாபாரப் பாவனை. வாரண்டி சொந்தப் பாவனைக்கு மட்டும். மூன்றும் அட்டையில் ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் இருந்தன. வாங்கும்போது வாசித்துக் காட்ட யாரும் இருக்கவில்லை.

2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தோடு ஒரு எஞ்சின் வேலைக்கான பில்லை ஒப்பிட்டால், அது பல மாத உழைப்பு. வேன் நின்ற நாட்களில் வருமானமும் நின்றது. லீசிங் தவணை மட்டும் நிற்கவில்லை. வாகனம் ஓடினாலும் நின்றாலும் லீசிங்காரருக்குத் தவணை வரவேண்டும்; வாரண்டிப் பிணக்கு அவருடைய பிணக்கு அல்ல. கடைசியில் தாயின் நகையை அடகு வைத்து வேனைத் திருத்தினார்கள். அது இப்போதும் ஓடுகிறது. அட்டையும் இருக்கிறது.

கைமாறும் கடதாசி

பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். லீசிங்கில் எடுத்த வாகனமென்றால், முழுமையான உரிமையாளர் என்ற இடத்தில் நிதிக் கம்பனியின் பெயரும், பதிவுசெய்யப்பட்ட உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரும் இருக்கும். வாரண்டி அட்டையில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

‘ஓப்பன் பேப்பர்’ முறையில் வாங்குபவர்களுக்கு இது இன்னும் மோசம். முந்திய உரிமையாளர் கையெழுத்திட்ட மாற்றப் படிவத்தை வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே இரண்டு மூன்று பேரின் கையில் ஓடும் வாகனங்கள் எமது பகுதிகளில் ஏராளம். அப்படிப்பட்ட வாகனத்துக்கு முதலாவது உரிமையாளருக்கான வாரண்டி என்று ஒன்று இருந்தாலும், அது உங்களுடையது அல்ல. ஏதாவது கேட்கப் போனால், நீங்கள் யார் என்பதே முதல் கேள்வியாக வரும்.

கடதாசி இல்லாவிட்டால் என்ன இழக்க நேரும் என்பதை எமது மக்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில், பிறப்பை நிரூபிக்கக் கடதாசி இல்லாமல் மலையகத்தின் ஒரு முழுத் தலைமுறையே நாடற்றதாக்கப்பட்டது. வன்னியில் இடம்பெயர்ந்தவர்கள் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். பிஸ்கட் டின்னுக்குள் பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக வைக்கத் தெரிந்த மக்கள் நாம். வாகனத்தின் பில்களுக்கும் அந்த டின்னில் இடம் கொடுக்க வேண்டும்.

வாரண்டி இல்லாமலே ஓடிய எஞ்சின்கள்

1990களில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு எஞ்சின் பற்றி வேறொரு பாடம் தெரியும். பொருளாதாரத் தடையால் பெற்றோல் பொன்னாக இருந்த காலம் அது. ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். எந்தக் கம்பனியின் வாரண்டியும் ஒரு நாள்கூடத் தாங்காத பாவனை அது. ஆனாலும் அந்த எஞ்சின்கள் ஓடின. உதிரிப்பாகத்தைக் கடைந்து செய்யத் தெரிந்த மெக்கானிக்கும், ஒயிலை முகர்ந்து பார்த்தே நிலைமையைச் சொல்லும் உரிமையாளரும் இருந்ததால் ஓடின.

2009க்குப் பிறகு நிலைமை தலைகீழானது. ஏ9 பாதை திறந்ததோடு லீசிங் கம்பனிகளும் வடக்கு நகரங்களுக்கு வந்தன. இழப்பீடாகவும் வெளிநாட்டு உறவினரின் உதவியாகவும் வந்த பணம் முற்பணமாகி, ஆட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும் வந்தன. 1977இலும் 1983இலும் வன்முறைக்குத் தப்பி மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய எமது உறவுகளும் அவர்களில் அடக்கம். பேராதனையிலிருந்து நுவரெலியா, பதுளை வழியாக மட்டக்களப்பின் செங்கலடிக்கு இறங்கும் ஏ5 பாதையில் வாகனங்கள் கைமாறி இரு பக்கமும் போகின்றன. மலையில் பல வருடம் முதலாம் கியரில் உழைத்த எஞ்சின், மீற்றரில் குறைந்த கிலோமீற்றரோடு சமவெளிக்கு வந்து ‘நல்ல ஓட்டம் இல்லாத வாகனம்’ என்று விலைபோகும். மீற்றரைப் பார்த்து வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சட்டம் தரும் உத்தரவாதம்

இலங்கையில் 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பொருளை என்ன தேவைக்கு வாங்குகிறீர்கள் என்று வியாபாரியிடம் சொல்லி, அவருடைய அறிவை நம்பி வாங்கினால், அந்தப் பொருள் அந்தத் தேவைக்கு ஓரளவாவது பொருத்தமாக இருக்கவேண்டும் என்பது சொல்லப்படாத நிபந்தனையாக ஒப்பந்தத்தில் இருக்கிறது. வாரண்டி அட்டை இல்லாவிட்டாலும் இது இருக்கிறது. இங்கே ஒரு விடயம் முக்கியம்: உங்கள் தேவையைச் சொல்லியிருக்க வேண்டும். ‘தோட்டப் பாதையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்ற’ என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி, வாழ்நாள் என்று அச்சடித்த அட்டையைவிட வலுவானது. மறுபக்கமும் உண்டு. நீங்கள் வாகனத்தைப் பரிசோதித்துவிட்டு வாங்கினால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பிறகு வழக்காடுவது கடினம்.

1997ஆம் ஆண்டின் நேர்மையற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம், சிறிய எழுத்தில் ஒரு வரியைப் போட்டு வியாபாரி தன் பொறுப்பைக் கழற்றிவிடுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. ‘உள்ளது உள்ளபடி’ என்று பில்லில் எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

சாதாரண மக்களுக்கு மிகவும் கைகொடுக்கக்கூடியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையை உருவாக்கியது அதுவே. வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ப பொருள் இல்லையென்றால், அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம். விசாரித்த பிறகு இழப்பீடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ வியாபாரிக்குக் கட்டளையிட அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு. வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையையும் இதே சட்டம் தடை செய்கிறது. திருத்தவேலை போன்ற சேவைகள் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. கராஜ்களுக்கும் இது பொருந்தும்.

ஆனால் முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் போகவேண்டும். மேலே சொன்ன குடும்பம் எட்டாவது மாதத்தில் அந்தக் கதவு மூடியிருந்ததைத்தான் கண்டது. வாழ்நாள் என்ற சொல் செய்யும் உண்மையான கெடுதல் இதுவே. ‘வாழ்நாள் முழுவதும் வாரண்டி இருக்கிறதே, பிறகு பார்ப்போம்’ என்று சின்னச் சின்ன அறிகுறிகளைத் தள்ளிப்போட வைக்கிறது. பிறகு பார்க்கும்போது அட்டையும் உதவாது, சட்டத்தின் இலகுவான வழியும் கடந்துவிட்டிருக்கும். அதன் பின் மிஞ்சுவது மத்தியஸ்த சபையும் நீதிமன்றமும்தான்.

என்ன செய்யலாம்?

வாங்கு முன்னர், அதிகாலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். ‘இப்பதான் ஓட்டிட்டு வந்தோம்’ என்று சூடான எஞ்சினைக் காட்டினால் இன்னொரு நாள் போங்கள். குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரில் ஒயில் மிதக்கிறதா என்று பாருங்கள். ஒயில் மூடியின் அடியில் பால்போன்ற பசை இருந்தால் தண்ணீர் ஒயிலில் கலந்திருக்கலாம். ஸ்டார்ட் செய்ததும் வரும் நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். ஒரு ஏற்றத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டிவிட்டு, மீண்டும் தண்ணீர் அளவைப் பாருங்கள். அப்போது மூடியைக் கையால் திறக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் கம்ப்ரெஷன் பரிசோதியுங்கள். அதற்கான கூலி, நீங்கள் கொடுக்கப்போகும் விலையில் ஒரு சிறு துளி.

விற்பவர் வாழ்நாள் வாரண்டி என்றால் ஐந்து கேள்விகள் கேளுங்கள். யாருடைய வாழ்நாள்? எந்தெந்தப் பாகம்? வாடகைக்கு ஓட்டினாலும் செல்லுமா? சேர்விஸ் எங்கே செய்யவேண்டும்? நான் விற்றால் அடுத்தவருக்குப் போகுமா? பதில்களைத் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். தமிழ் 1987 முதல் இந்த நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. தமிழருக்கு விற்பவர் தமிழில் எழுதித் தருவது பெரிய சலுகை அல்ல. எழுதித்தர மறுத்தால் அந்த வாரண்டியின் பெறுமதி அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். அப்போது வாரண்டியை விட்டுவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுங்கள். குறைத்து வாங்கிய பணத்தை ஒரு கணக்கில் போட்டு வைத்தால், அதுவே உங்கள் எஞ்சினுக்கு நீங்களே கொடுக்கும் வாரண்டி.

எல்லா வாரண்டியும் வீண் என்று நான் சொல்லவில்லை. இறக்குமதி முகவர், இத்தனை வருடம் அல்லது இத்தனை கிலோமீற்றர் என்று எல்லை போட்டு எழுத்தில் தரும் வாரண்டிக்குப் பெறுமதி உண்டு. எல்லை போட்டிருப்பதே அதை நிறைவேற்றும் எண்ணம் இருப்பதற்கு அடையாளம். சேர்விஸ் நிலையம் உங்கள் ஊரில் இருந்து, விலையில் கூட்டாமல் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு முதல் மூன்று மாதங்களை ஒரு பரீட்சைக் காலமாக எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைகிறதா, ஒயில் குறைகிறதா என்று வாரம் ஒரு முறை பார்த்து ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். குறை தெரிந்தால் உடனே விற்றவருக்கு எழுத்தில் அறிவித்து, ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடுங்கள். அதன் அவசர இலக்கம் 1977. மாவட்டச் செயலகத்திலும் அதன் அலுவலர்களைச் சந்திக்கலாம். பில் தரும்படி கேட்டால் தரவேண்டியது வியாபாரியின் கடமை. பில் இல்லாமல் எதுவும் வாங்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வாசிக்கும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கிய வாகனத்தில் குறை இருந்தால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. அதுவும் எந்த வாரண்டி அட்டையையும் சாராதது. ஊரில் தம்பிக்கோ மருமகனுக்கோ வாகனம் எடுக்கப் பணம் அனுப்பும்போது, பணத்தோடு மேலே சொன்ன ஐந்து கேள்விகளையும் அனுப்பிவையுங்கள். வாகனம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் முடியும் திகதியை உங்கள் நாட்காட்டியிலும் ஒரு வட்டம் போட்டு வையுங்கள்.